மாசி மகமும் உதறிய பிரேக்கும்... வல்லத்திராக்கோட்டையில் இரண்டு நாள்!

மாசி மகத்துக்கு முதல் நாள், சாயங்காலம் ஐந்து மணி. சென்னையில் இருந்து கிளம்பிய கார், வல்லத்திராக்கோட்டையில் தார்ச்சாலையை விட்டு இறங்கி செம்மண் பாதையில் திரும்பியது. இருபுறமும் தைலமரக் காடு. திறந்திருந்த ஜன்னல் வழியே அந்த இலை வாசம் உள்ளே வர, பின் சீட்டில் இருந்த அப்பத்தா, ``ஊர் வந்துருச்சுடா'' என்று பேரனை எழுப்பினார்.

அப்போதுதான் காட்டுக்குள்ளிருந்து ஒரு ஆட்டுக்கூட்டம் பாதையில் பாய்ந்தது.

மகன் பிரேக்கை ஓங்கி மிதித்தார். காலுக்கடியில் பெடல் `டக டக டக'வென்று உதைத்தது. கீழிருந்து கரகரவென்று ஒரு சத்தம். `பிரேக் போயிருச்சு' என்று பயந்தவர், அனிச்சையாகக் காலைத் தூக்கிவிட்டார். வண்டி இன்னும் ஒரு ஆள் நீளம் ஓடி, கடைசி ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஆடு மேய்த்தவர் கம்பை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

``என்னங்க ஆச்சு?'' என்றார் மனைவி.

``மண்ணு ரோடுல்ல... அப்படித்தான் இருக்கும்.''

மனைவி பதில் சொல்லவில்லை. காலையில் சமயபுரம் டோல்கேட்டில் வேகம் குறைத்தபோதே ஸ்டீயரிங் நடுங்கியதை அவர் பார்த்திருந்தார். அப்போதும் இதே பதில்தான் வந்தது. ஆனால், சமயபுரத்தில் இருந்தது மண் ரோடு இல்லை.

அய்யனாருக்கு ஒரு மாலை

வல்லத்திராக்கோட்டை, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி வட்டாரத்து ஊர். திருவரங்குளம் ஒன்றியத்தைச் சேர்ந்தது. புதுக்கோட்டையில் இருந்து அறந்தாங்கி செல்லும் திசையில் இருக்கிறது. காவல் நிலையம், அரசு மேல்நிலைப்பள்ளி, டீக்கடைகள், சுற்றிலும் செம்மண் காடுகள் என்று அளவான ஊர். குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என்ற மூன்று தாலுகாக்கள் கொண்டதாக இருந்தது பழைய புதுக்கோட்டை சமஸ்தானம். 1948 மார்ச் 3-ம் தேதி அது இந்தியாவுடன் இணைந்தது. திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14 அன்று.

காவிரித் தண்ணீர் எல்லா இடத்துக்கும் எட்டாத மாவட்டம் இது. மழையும் கண்மாயும் ஆழ்துளைக் கிணறும்தான் பல ஊர்களுக்குக் கதி. கடலை, முந்திரி, தைலமரம் என்று செம்மண்ணுக்கு ஏற்ற வெள்ளாமை. ஆலங்குடியைத் தாண்டி கீரமங்கலம் பக்கம் போனால் காட்சி மாறும். தென்னை, பலா, பூந்தோட்டம் என்று பச்சை கூடும். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் அந்தப் பச்சையைத்தான் வேரோடு சாய்த்தது. விழுந்த தென்னைக்குப் பக்கத்திலேயே புதுக்கன்று வைத்துத்தான் இந்த மக்கள் மறுபடி எழுந்தார்கள்.

வேலைக்காகச் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று போனவர்களை ஊருக்கு இழுப்பது குலதெய்வமும் திருவிழாவும்தான். கீரமங்கலத்துக்கு அருகில், வில்லுனி ஆற்றங்கரையில் இருக்கிறது குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். அங்கே பாயும் நிலையில் நிற்கும் குதிரைச் சிலையின் உயரம் 33 அடி. மாசி மகத்தன்று அந்தக் குதிரைக்குக் காகிதப்பூ மாலை சாத்துவது நேர்த்திக்கடன். குதிரையின் கழுத்தில் இருந்து தரை வரை தொங்கும் நீளமான மாலைகளை கார், வேன், லாரி என்று ஏற்றிக்கொண்டு வருவார்கள். சாயங்காலத்துக்குள் குதிரையே தெரியாத அளவுக்கு மாலைகள் மூடிவிடும்.

சென்னைக் குடும்பமும் அதற்குத்தான் வந்திருந்தது. பேரனுக்கு உடம்பு தேறியதற்காக அப்பத்தா வேண்டிக்கொண்ட மாலை அது. மறுநாள் காலை ஆறு பேர் காரில் ஏறி, மாலையை மேலே கட்டிக்கொண்டு ஆலங்குடி, கீரமங்கலம் வழியாகக் குளமங்கலம் போவதாகத் திட்டம்.

இரவு பிள்ளைகள் இருவரும் போர் தண்ணீரைப் பிடித்து, புழுதி படிந்த காரைச் சக்கரம் வரை கழுவினார்கள். காலையில் காரை வாசலுக்கு எடுத்தபோது, பிரேக் போட்டதும் `கர்ர்ர்' என்று இன்னொரு சத்தம். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா எழுந்து வந்தார்.

``வண்டி நல்லால்லடா. மாலையை ஏத்துறதுக்கு முன்னாடி மெக்கானிக்கைக் கூப்பிடு.''

நான்கு கேள்விகள்

வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக ஓட்டி, பிறகு ஊரோடு பட்டறை போட்டவர். ஸ்பானர் பையைக் கீழே வைத்துவிட்டு, வண்டியைத் தொடாமல் முதலில் கேட்டார்.

``தம்பி, எப்ப உதறுது? மெதுவாப் போகும்போதா, வேகமாப் போகும்போதா?''

``ஹைவேல எண்பதுல வந்து மிதிச்சா உதறுதுண்ணே.''

``பிரேக்குல கால் வைக்காம எண்பதுல போனா?''

``ஒண்ணும் இல்லை.''

``ஸ்டீயரிங் ஆடுதா, சீட்டு ஆடுதா?''

அவர் யோசிப்பதற்குள் மனைவி பதில் சொன்னார். ``ஸ்டீயரிங்தாண்ணே. நான் சமயபுரத்துலயே பார்த்தேன்.''

``வேகம் குறையக் குறைய, அந்த உதறலும் மெதுவாகுதா? இல்ல, ஒரே சீரா டகடகன்னு அடிக்குதா?''

இதற்குத்தான் அவரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ``ரெண்டும் இருக்குண்ணே. ஹைவேல மெதுவாகுது. நேத்து ஆடு குறுக்கே வந்தப்போ ஒரே சீரா உதைச்சுது. இன்னிக்குக் காலையில கர்ருன்னு சத்தம்.''

மெக்கானிக் சிரித்தார். ``அப்ப உங்க வண்டியில ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல தம்பி. மூணு சங்கதி இருக்கு. அதுல ரெண்டு, கம்ப்ளெயின்டே இல்ல.''

கேள்விகள் சாதாரணமாகத் தெரியலாம். ஆனால், பிரேக் உதறலைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை இந்தக் கேள்விகளில் முடிந்துவிடுகிறது. பிரேக் போடாமலே குறிப்பிட்ட வேகத்தில் வண்டி நடுங்கினால், சந்தேகம் டயர் மீதும் வீல் பேலன்சிங் மீதும் போக வேண்டும். பிரேக் போட்டால் மட்டும் நடுங்கினால் டிஸ்க், டிரம் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம். இடுப்புக்குக் கீழே சீட்டில் நடுக்கம் தெரிந்தால் பின் சக்கரம்.

மூன்று சத்தம், மூன்று காரணம்

மெக்கானிக் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். உரிமையாளர் பக்கத்தில். ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் மெதுவாக நான்கு முறை பிரேக் போட்டார். முதல்முறை `கர்ர்'. இரண்டாவது முறை பாதிச் சத்தம். நான்காவது முறை ஒன்றுமே இல்லை.

``ராத்திரி கழுவுனீங்கல்ல? டிஸ்க் வார்ப்பு இரும்பு. ஈரத்தோட நிறுத்தினா விடியறதுக்குள்ள துரு பூத்துரும். நாலு தடவை மிதிச்சா பேடு சுரண்டி எடுத்துரும். மழைக்காலத்துல எல்லா வண்டிக்கும் இது உண்டு.''

அடுத்தது, செம்மண்ணில் சரளை கிடந்த இடம். முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓங்கி மிதித்தார். `டக டக டக' என்று அதே உதை. ஆனால் அவர் காலை எடுக்கவில்லை. வண்டி நேராக நின்றது.

``நேத்து உங்களைப் பயமுறுத்துனது இதான். ஏ.பி.எஸ். சரளையில டயர் பூட்டிக்கிட்டுச் சறுக்கப் பார்க்கும். அப்ப இது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். நொடிக்குப் பல தடவை. அந்த அடிதான் கால்ல தெரியுது. இது வேலை செய்யுற சத்தம் தம்பி, கெட்டுப்போன சத்தம் இல்ல. நீங்க காலைத் தூக்குனீங்க பாருங்க, அதான் தப்பு. உதைச்சாலும் விடாம அழுத்தி மிதிச்சு, ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகணும்.''

இந்தியாவில் புதிய மாடல் கார்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. ஆனால், வாழ்நாளில் ஒருமுறைகூட அது வேலை செய்து பார்த்திராதவர்கள் ஏராளம். முதல் அனுபவம் இப்படி ஆடோ மாடோ குறுக்கே வரும் நேரமாக அமைந்துவிடுகிறது. காய்ந்த, நல்ல தார்ச்சாலையில், மெதுவாக வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் அதே `டக டக' வந்தால் மட்டும் அது சரியில்லை. சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். சென்சார் படிக்கும் பல்வளையம் விரிசல் விட்டிருக்கலாம். சக்கரம் சறுக்குவதாக ஏ.பி.எஸ். ஏமாந்து வேலை செய்யும். இந்த வண்டியில் அது இல்லை.

மூன்றாவது சோதனை தார்ச்சாலையில். சாலை காலியாக இருந்த நேரம் பார்த்து, வேகத்தை ஏற்றி மிதமாக மிதித்தார். பெடல் நடுங்கியது. ஸ்டீயரிங்கும் சேர்ந்து ஆடியது. வேகம் குறைய, நடுக்கமும் `டுக்... டுக்... டுக்' என்று இடைவெளி விட்டது.

``இதான் நிஜமான கம்ப்ளெயின்ட். சக்கரத்தோட சேர்ந்து சுத்துற ஏதோ ஒண்ணு சமமா இல்ல.''

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறிய காரின் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது முறை சுற்றுகிறது. டிஸ்க்கில் ஓரிடம் மேடாக இருந்தால், நொடிக்கு ஒன்பது முறை அந்த மேடு பேடைத் தள்ளும். பேடு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளும். ஆயில் வழியே அந்தத் தள்ளல் பெடலுக்கு வந்து பாதத்தில் முடிகிறது. வேகம் பாதியானால் தள்ளலும் பாதியாகிவிடும். ஏ.பி.எஸ். உதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கடைசியாக இன்னொன்றும் செய்தார். காலி இடத்தில் வண்டியை மெதுவாக உருட்டி, பிரேக் பெடலைத் தொடாமல், பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். அது பின் சக்கர டிரம்மை மட்டும் பிடிக்கும். நடுக்கம் வரவில்லை. குற்றவாளி முன்னால்தான்.

நட்டு சொன்ன உண்மை

வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கும் முன்னால், முன் சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். முதல் நட்டு அசையவே இல்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்று அழுத்தினார். `டக்'கென்று விட்டது. எதிரில் இருந்த நட்டு, ஒரு கைத் திருப்பலில் கழன்றது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ``சமீபத்துல டயரை மாத்திப் போட்டீங்களா?''

``மூணு மாசம் இருக்கும். சென்னையில ஒரு கடையில.''

``கன்னு வச்சு டர்ருன்னு ஏத்திருப்பாங்களே?''

``ஆமாண்ணே. அஞ்சே நிமிஷத்துல முடிச்சுட்டாங்க.''

காற்றில் இயங்கும் துப்பாக்கி போன்ற கருவியால் ஒரு நட்டை அளவுக்கு மீறி இறுக்கி, இன்னொன்றைத் தளர்வாக விட்டால், நடுவில் மாட்டிக்கொள்ளும் டிஸ்க் மயிரிழை அளவுக்குக் கோணிக்கொள்கிறது. சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கை எடுத்தபோது, அது உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு செதில் செதிலாக இருந்தது. அந்தத் துருவின் மேலேயே டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கோணிய அன்றே பெடல் உதறாது. டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும், பிரேக் போடாத நேரத்திலும்கூட, ஒரே இடத்தில் பேடை லேசாக உரசிக்கொண்டே ஓடும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் அந்த இடம் மட்டும் தேய்ந்திருக்கும், அல்லது பேடின் பொருள் அங்கே அப்பியிருக்கும். அப்போதுதான் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறி, உதறல் ஆரம்பிக்கும். `டிஸ்க் பெண்டாயிடுச்சு' என்று பட்டறையில் சொல்வார்கள். உண்மையில், பெரும்பாலும் அது வளைந்திருப்பதில்லை. தடிமன் மாறியிருக்கிறது. மாற்றம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு இருந்தாலே கால் கண்டுபிடித்துவிடும். தலைமுடி அதைவிடத் தடிமன்.

வெப்பமும் இதில் கூட்டாளி. 1,200 கிலோ எடையுள்ள காரை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இருந்து ஒருமுறை நிறுத்தும்போது உண்டாகும் சூடு, ஒரு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. நெடுஞ்சாலையில் வேகமாக வந்து ஓங்கி மிதித்து நிறுத்தி, டோல்கேட்டில் பெடலை அழுத்தியபடியே நின்றால், சூடான பேடு டிஸ்க்கின் ஒரே இடத்தில் ஒட்டி முத்திரை பதித்துவிடும்.

தேய்மானமும் புழுதியும் டிஸ்க் பிரேக்குக்குப் பிறவிப் பகை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியது 1902-ல். அன்றைய புழுதிச் சாலைகளில் அவர் பயன்படுத்திய செம்பு சீக்கிரமே தேய்ந்துபோனது. அரை நூற்றாண்டு கழித்து, 1953-ல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. தமிழ்நாட்டில், சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-ல் தொடங்கியது. நான்கு சக்கரத்திலும் டிரம்மோடு ஓடிய பழைய அம்பாசிடர்களைத் தெரிந்த இந்த மெக்கானிக்குக்கு, இரண்டு காலமும் பழக்கம்.

``இன்னிக்குப் போகலாமாண்ணே?''

கேள்வி கேட்டவர் மாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மணி பத்து.

மெக்கானிக் ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். ``இதைச் சுத்தம் பண்ணி, நட்டை நட்சத்திரம் போடுற மாதிரி எதிரும் புதிருமா சமமா இறுக்கித் தரேன். அதுக்கு மேல என்கிட்ட டயல் கேஜ் இல்ல. டிஸ்க் எவ்வளவு ஆடுது, எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு கண்ணால பார்த்துச் சொன்னா, அது பொய். புதுக்கோட்டையில அளந்து பார்க்குற பட்டறை இருக்கு. நீங்க மட்டும் தனியா, நாப்பதுக்கு மேல போகாம அங்க போயிரலாம். ஆறு பேரை ஏத்திக்கிட்டு, மேல மாலையும் கட்டிக்கிட்டு, இன்னிக்கு இருக்குற கூட்டத்துல... வேணாம் தம்பி.''

``பிரேக் பிடிக்குதுல்லண்ணே?''

``பிடிக்குது. எதனால உதறுதுன்னு பாதிதான் தெரிஞ்சிருக்கு. மீதியைத் தெரிஞ்சுக்காம பிள்ளைகளை ஏத்தாதீங்க.''

அப்போதுதான் அவர் சொன்னார். உதறல் சமயபுரத்தில் தொடங்கவில்லை. ஒரு மாதமாகவே இருக்கிறது. கிளம்பும் முன் பட்டறைக்குப் போனால் பயணம் தள்ளிப்போகும், மாசி மகம் தவறிவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மனைவி ஒன்றும் பேசவில்லை. பேசியது அப்பத்தாதான். ``மாலை போடுறேன்னுதாண்டா வேண்டிக்கிட்டேன். கார்ல வரேன்னா வேண்டிக்கிட்டேன்? பஸ்ஸு ஓடுதுல்ல!''

மாலை, ஊர்க்காரர்கள் பிடித்திருந்த வேனில் மற்ற மாலைகளோடு போனது. குடும்பம் பஸ் ஏறியது. ஆலங்குடியில் இறங்கி, கீரமங்கலத்துக்கு மாறி, திருவிழாக் கூட்டத்தில் நின்றுகொண்டே போனார்கள். பிள்ளைகளுக்கு அதுவே திருவிழா. சாயங்காலம் 33 அடி குதிரையின் கழுத்தில் அவர்கள் மாலையும் ஏறியது. நூற்றுக்கணக்கான மாலைகளுக்கு நடுவே தங்கள் மாலை எது என்று பேரன் கடைசி வரை தேடிக்கொண்டிருந்தான்.

அளந்தபோது தெரிந்தது

மறுநாள் புதுக்கோட்டைப் பட்டறையில் டிஸ்க்கின் மீது டயல் கேஜை வைத்துச் சுற்றினார்கள். ஹப்பைச் சுத்தம் செய்த பிறகு பக்கவாட்டு ஆட்டம் அளவுக்குள் வந்திருந்தது. பல கார்களுக்கு அந்த வரம்பு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஆனால், மைக்ரோமீட்டர் வைத்து எட்டு இடங்களில் தடிமனை அளந்தபோது, ஓரிடத்தில் குறைந்திருந்தது. மூன்று மாத உரசலின் தழும்பு அது.

லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம். ஆனால், அதற்கும் எல்லை உண்டு. டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். கடைந்தால் அந்த எண்ணைத் தொட்டுவிடும் என்பதால், இரண்டு முன் டிஸ்க்குகளையும் பேடுகளோடு சேர்த்து மாற்றினார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம். நட்டுகளை அளவு காட்டும் டார்க் ரெஞ்சால், அந்தக் காருக்கான கையேட்டில் இருக்கும் எண்ணுக்கு இறுக்கினார்கள்.

``புது டிஸ்க். முதல் இருநூறு கிலோமீட்டருக்கு ஓங்கி மிதிக்காதீங்க. அறுபதுல இருந்து இருபதுக்குக் கொண்டுவர மாதிரி, நிதானமா இருபது முப்பது தடவை மிதிச்சுப் பழக்குங்க'' என்று சொல்லி அனுப்பினார்கள்.

காரில் போகும் வாசகர்களுக்கு இந்த இரண்டு நாள் சொல்வது இவ்வளவுதான். பெடல் உதறினால், எப்போது, எந்த வேகத்தில், எந்த மாதிரி ரோட்டில் என்று குறித்துவையுங்கள். அதை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். `டிஸ்க் மாத்தணும்' என்று யாராவது சொன்னால், `அளந்து பார்த்தீங்களா?' என்று கேளுங்கள். டயர் மாற்றிய பிறகு, நட்டைக் கையால் ரெஞ்ச் போட்டுச் சமமாக இறுக்கச் சொல்லுங்கள். உதறலோடு பெடல் ஆழமாக இறங்கினாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, இரும்பும் இரும்பும் உரசும் சத்தம் கேட்டாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ அங்கேயே ஓரம்கட்டி விடுங்கள்.

மூன்றாம் நாள் காலை. சென்னை கிளம்பியது கார். வல்லத்திராக்கோட்டையில் செம்மண் பாதையைத் தாண்டும் இடத்தில் அதே ஆட்டுக்கூட்டம். இந்தமுறை தூரத்திலேயே பார்த்து மெதுவாக நிறுத்தினார். பெடல் அசையவில்லை. ஆடு மேய்த்தவர் அடையாளம் கண்டுகொண்டு கம்பை உயர்த்தினார்.

சமயபுரம் டோல்கேட் வந்தது. வேகம் குறைந்தது. மனைவியின் கண் ஸ்டீயரிங்கைப் பார்த்தது. அது சும்மா இருந்தது.

``இனிமே உதறுனா முதல்ல என்கிட்ட சொல்லுங்க'' என்றார்.

``சொல்றேன்'' என்றார் அவர்.